42 நிமிடக் கணக்கு

ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் விமானம் ஏறியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பழகியிருக்கும். கதவு சாத்தியாகிவிட்டது. வானம் தெளிவு, ஓடுபாதை காலி. ஆனால் விமானி ஒலிபெருக்கியில் வந்து, புறப்பட இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்கிறார். போகும் வழியில், பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஏதோ ஒரு செக்டாரில், அதாவது கட்டுப்பாட்டுக்காகப் பிரித்த வான்பகுதி ஒன்றில், அந்த மணி நேரத்துக்கான எண்ணிக்கை நிரம்பிவிட்டது. ஐரோப்பிய விமானப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும், பிரஸ்ஸல்ஸில் இருக்கும் யூரோகன்ட்ரோல் மையம் இந்த விமானத்துக்குப் பிந்திய நேரம் ஒதுக்கியிருக்கிறது. 2018-இல் இப்படி நடுவானக் கட்டுப்பாடுகளால் நேர்ந்த தாமதம், எல்லா விமானங்களுக்கும் பகிர்ந்து பார்த்தால், ஒரு விமானத்துக்கு 1.7 நிமிடத்துக்கு மேல். இலக்கோ அரை நிமிடம்தான். மழையும் வேலைநிறுத்தமும் இந்தக் கணக்கில் அடக்கம் என்றாலும், பெரும்பங்கு கொள்திறன் போதாமையும் ஆள் போதாமையுமே.

எது நிரம்பியது? வானத்தில் இடம் இருக்கிறது. ஒரே உயரத்தில் பறக்கும் இரு விமானங்களுக்கிடையே 5 கடல் மைல், மேலும் கீழுமாகப் பறந்தால் 1,000 அடி. இந்த இடைவெளியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு செக்டாருக்குள் இன்று அனுமதிப்பதைப்போலப் பல மடங்கு விமானங்களை நிறுத்திவிடலாம். நிரம்புவது, ரேடார் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒருவரின் மனம். அவருடைய மனம் எவ்வளவு கொள்ளும் என்று யாரோ அளந்து ஓர் எண்ணாக எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த எண்தான் உங்களை அரை மணி நேரம் இருக்கையில் உட்காரவைத்தது. அதே எண்தான் உங்கள் உயிரையும் காக்கிறது. ஆகவே அதை எப்படி அளந்தார்கள் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

ஐரோப்பாவில் பரவலாக வழங்கும் முறைக்கு கேப்பான் என்று பெயர். ஒரு நாளின் போக்குவரத்தைக் கணினியில் ஓடவிடுகிறார்கள். விமானத்தைப் பக்கத்துச் செக்டாரிடமிருந்து வாங்குவது, விமானியோடு ரேடியோவில் பேசுவது, அடுத்த செக்டாரோடு தொலைபேசியில் ஒத்துக்கொள்வது, எந்த இரண்டு விமானங்கள் நெருங்கிவரும் என்று தேடுவது, நெருங்கினால் ஒன்றைத் திருப்புவது என்று ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை வினாடி என, அந்தந்த மையத்தின் கட்டுப்பாட்டாளர்களோடு கலந்து பேசி நிர்ணயிக்கிறார்கள். போக்குவரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஒரு மணி நேரத்தில் கட்டுப்பாட்டாளரின் வேலை 42 நிமிடத்தைத் தொடும்போது, அதாவது 70 சதவீதத்தில், நிறுத்திவிடுகிறார்கள். அப்போது உள்ளே நுழைந்த விமானங்களின் எண்ணிக்கையே அந்தச் செக்டாரின் கொள்திறன். மீதி 18 நிமிடம் பட்டியலில் இடம்பெறாத வேலைகளுக்கும் மூச்சுவிடுவதற்கும்.

இந்த முறையின் நேர்மையை நான் மதிக்கிறேன். எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள் என்பது வெளிப்படையாக இருக்கிறது. கட்டுப்பாட்டாளரைக் கேட்காமல் மேலிருந்து திணித்த எண் அல்ல அது. ஆனாலும் அதன் உள்கணக்கைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும். 42 நிமிடம் என்பது 2,520 வினாடி. ஒரு விமானத்துக்குச் சராசரியாக 60 வினாடி வேலை என்றால் மணிக்கு 42 விமானம். அதே சராசரியை 72 வினாடி என்று வைத்தால் 35. பன்னிரண்டு வினாடி வேறுபாட்டில் ஏழு விமானங்கள் உள்ளே வரலாம், அல்லது தரையில் நிற்கலாம். ஒரு விமானி தன் உச்சரிப்பு புரியாமல் அனுமதியை இருமுறை கேட்டாலே போய்விடும் நேரம்தான் அந்தப் பன்னிரண்டு வினாடி.

பிரிட்டனில் உருவான டோராடாஸ்க் முறையில் வரம்பு 80 சதவீதம். கூடவே இன்னொரு நிபந்தனையும் உண்டு: சுமை 90 சதவீதத்தைத் தாண்டும் நேரம் மொத்தத்தில் 2.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலேயக் கட்டுப்பாட்டாளரின் மூளை பத்து சதவீதம் பெரியது என்று யாரும் சொல்லப்போவதில்லை. வேலைப்பட்டியல் வேறு, அதனால் வரம்பும் வேறு. 70 என்பதும் 80 என்பதும் மனித மனத்தின் எல்லைகள் அல்ல, தங்கள் பட்டியல் எவ்வளவு ஓட்டையானது என்பதற்கு அந்தந்த முறை ஒதுக்கிக்கொண்ட ஈட்டுத்தொகைகள். இது குற்றச்சாட்டு இல்லை. அந்த எண்ணைக் கையில் வாங்குகிறவர் மறந்துவிடுகிற உண்மை.

அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகம் இதைவிட எளிய வழியில் போனது. ஒரு விமானம் செக்டாருக்குள் சராசரியாக எத்தனை நிமிடம் இருக்கும் என்று பார். அதை 5-ஆல் பெருக்கி 3-ஆல் வகு. வருகிற எண்தான் ஒரே சமயத்தில் உள்ளே இருக்கலாம் என்ற எச்சரிக்கை வரம்பு. 9 நிமிடம் என்றால் 15 விமானம். எத்தனை நிமிடமானாலும் 18-க்கு மேல் கிடையாது. அந்தப் பின்னத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இருப்பது, ஒரு விமானத்துக்கு 36 வினாடி வேலை என்ற ஊகம். ஒரு தொடக்க எண்ணாக இது போதும்; மையங்கள் தங்கள் அனுபவத்தை வைத்து அதைக் கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. ஆனால் நேராகப் பறந்து கடந்துபோகும் விமானத்துக்கும், ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் பலவற்றின் பாதையை வெட்டும் விமானத்துக்கும் அதே 36 வினாடி என்பது, அரிசியையும் தவிட்டையும் ஒரே விலைக்கு அளப்பதுதான்.

விமானத்துக்கு இத்தனை வினாடி என்று சராசரி போடுவதிலேயே ஒரு குறை உண்டு. மோதல் தேடும் வேலை அப்படிச் சீராக வளர்வதில்லை. 10 விமானங்கள் இருந்தால் கவனிக்க வேண்டிய ஜோடிகள் 45. 20 விமானங்கள் இருந்தால் 190. எண்ணிக்கை இரட்டித்தால் ஜோடிகள் நான்கு மடங்கைத் தாண்டுகின்றன. கேப்பான் கணினியில் மோதல்களை ஓடவிட்டு எண்ணுவதால் இந்த வளர்ச்சியைப் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. அமெரிக்க வாய்ப்பாடு பிடிக்கவே இல்லை. எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் ஜெர்ரி வெல்ச்சும் துணைவர்களும் 2007-இல் முன்வைத்த மாதிரி இதைச் சரிசெய்ய முயன்றது. எல்லையில் கைமாற்றும் வேலை, இடையிடையே திரும்பத் திரும்ப வரும் கண்காணிப்பு வேலை, மோதல் தவிர்க்கும் வேலை என்று பிரித்து, மூன்றாவதை விமான எண்ணிக்கையின் வர்க்கத்தோடு இணைத்தார்கள்; செக்டாரின் கனஅளவு சுருங்கச் சுருங்க அது கூடும் என்றும் வைத்தார்கள். நேர அடிப்படையிலான மாதிரிகளில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். செக்டாரை வெட்டினால் கொள்திறன் ஏன் அதே விகிதத்தில் கூடுவதில்லை என்பதை அது விளக்குகிறது.

அந்த வெட்டும் விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். கொள்திறன் பற்றிய பெரும்பாலான தவறான நம்பிக்கைகள் அங்கேதான் பிறக்கின்றன. ஒருவரால் முடியவில்லை என்றால் செக்டாரை இரண்டாக்கி இருவரிடம் கொடுப்பதுதானே? முதல் வெட்டு பலன் தரும். ஆனால் ஒவ்வொரு வெட்டும் ஒரு புதிய எல்லையைப் பிறப்பிக்கிறது. எல்லை வந்தால் கைமாற்றம் வரும். புதிய அலைவரிசைக்கு மாறு என்ற பேச்சு வரும், பக்கத்துக்காரரோடு ஒப்புதல் வரும். விமானம் உள்ளே இருக்கும் நேரமும் குறைகிறது. ஒரு சிக்கலைக் கண்டு, யோசித்து, தீர்வு சொல்லி, அது நிறைவேறுகிறதா என்று பார்ப்பதற்குள் விமானம் அடுத்தவரிடம் போய்விடும். ஐரோப்பாவின் நடுப்பகுதியில் பல இடங்களில் இந்த வெட்டு அதன் எல்லைக்கு அருகே வந்துவிட்டது. பாகம் பிரிக்கப் பிரிக்க வரப்பே நிலத்தைத் தின்னும் கதை இது. இதற்கு மாறாக, 2002 ஜனவரி 24 அன்று ஐரோப்பாவில் 29,000 அடிக்கு மேலே செங்குத்து இடைவெளியை 2,000 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தபோது ஆறு புதிய பறப்பு மட்டங்கள் கிடைத்தன. ஆட்களைக் கூட்டியதால் வந்த இடம் இல்லை அது. மோதல்கள் எழும் வாய்ப்பு குறைந்து, அதே மனத்துக்கு அதே நேரத்தில் கூடுதல் விமானங்கள் அடங்கின.

இதுவரை பேசியதெல்லாம் கைக்கடிகாரத்தால் அளக்கக்கூடியது. மனச்சுமை அதற்குள் அடங்குமா? அடங்காது என்பதற்கு என் கையில் இருக்கும் மிக வலுவான சாட்சி, பிரெஞ்சு உளவியலாளர் ழான்-க்ளோத் ஸ்பெராந்தியோ 1971-இல் வெளியிட்ட ஆய்வு. விமானம் குறைவாக இருக்கும்போது கட்டுப்பாட்டாளர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனிக்கிறார். அதன் வேகம், வகை, இறங்கும் தன்மை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து அதற்கேற்ற நேர்வழியைத் தருகிறார். எண்ணிக்கை கூடும்போது அவர் வேகமாக ஓடுவதில்லை, முறையை மாற்றுகிறார். எல்லாவற்றையும் ஒரே வழியில் வரிசையாக விடுகிறார், சிலவற்றை வட்டமிடவைக்கிறார். ஒரு விமானத்துக்கு அவர் எடுத்துக்கொள்ளும் தகவல் குறைகிறது.

கல்யாணப் பந்தியில் இதை நாம் பார்த்திருக்கிறோம். முதல் பந்தியில் பத்து இலை இருக்கும்போது பரிமாறுகிறவர் ஒவ்வொருவர் முன்பும் குனிந்து, இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா என்று கேட்கிறார். பெரியவருக்குச் சாதத்தைக் குழையப் போடுகிறார். கூட்டம் நெருங்கி இலை நூறானதும் கேள்வி நின்றுவிடும். வாளியோடு ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை ஊற்றிக்கொண்டே போவார். இலைக்கு ஆகும் நேரம் பாதியாகியிருக்கும். அதைக் கடிகாரத்தில் பார்த்தவர் வேலை இலகுவாகிவிட்டது என்று எழுதிக்கொண்டால் எப்படி இருக்கும்?

இங்கேதான் 42 நிமிடக் கணக்கின் அடித்தளம் ஆடுகிறது. வேலைக்கு இத்தனை வினாடி என்பது நிலையானது என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் சுமையே அந்த வினாடிகளை மாற்றுகிறது. போக்குவரத்திலிருந்து சுமைக்கு ஓர் அம்பு போகிறது. சுமையிலிருந்து முறைக்கும், முறையிலிருந்து மறுபடியும் சுமைக்கும் இன்னொரு அம்பு திரும்புகிறது. 2007-இல் ஷெய்ன் லாஃப்டும் துணைவர்களும் இந்தத் துறையின் மாதிரிகளை விரிவாகத் திறனாய்ந்தபோது, கட்டுப்பாட்டாளர் தன் சுமையைத் தானே மேலாண்மை செய்கிறார் என்பதை விட்டுவிட்டு முன்கணிக்க முடியாது என்ற இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். நான் அதை முழுமையாக ஏற்கிறேன்.

நாசாவைச் சேர்ந்தவர்கள் 1998-இல் முன்வைத்த 'டைனமிக் டென்சிட்டி' என்ற அளவு, எண்ணிக்கையோடு திசைமாற்றம், வேகமாற்றம், உயரமாற்றம், நெருக்கம் ஆகியவற்றையும் சேர்த்து எடைபோட்டது. நல்ல யோசனை. ஆனால் எடைகள் ஓர் இடத்தின் தரவிலிருந்து வந்தவை. வேறு செக்டாருக்குக் கொண்டுபோனால் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். பழகிய பாதைகள் ஒழுங்காகக் கிடக்கும் செக்டாரில் இருபது விமானமும் ஒரே ஓட்டமாகத் தெரியும். அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் எட்டே திணறடிக்கும். இந்த வேறுபாடு கட்டுப்பாட்டாளரின் பழக்கத்தில் இருக்கிறது; விமானங்களின் இருப்பிடத் தரவில் அது முழுதாகத் தென்படாது.

அப்படியானால் அவரையே கேட்டுவிடலாமே? கேட்டிருக்கிறார்கள். 1988-இல் சாண்ட்ரா ஹார்ட்டும் லோவல் ஸ்டேவ்லாண்டும் வகுத்த நாசா டிஎல்எக்ஸ் வினாப்பட்டியல் ஆறு கோணங்களில் கேட்கிறது: மன உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, செயல்திறன், முயற்சி, எரிச்சல். வேலை முடிந்தபின் கேட்பதால், உச்சம் தொட்ட மூன்று நிமிடம் மீதி ஐம்பது நிமிடத்தில் கரைந்துபோகும். பிரிட்டனில் பழகிய ஐஎஸ்ஏ முறையில் சில நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கு எரியும். சுமை குறைவு முதல் மிகுதி வரை காட்டும் ஐந்து பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். எர்ல் ஸ்டைன் 1985-இல் அமெரிக்க விமான நிர்வாகத்துக்காக உருவாக்கிய அட்விட்டும் ஏறக்குறைய இதே வகை. இவை அகவயமானவை என்று பொறியாளர்கள் முகம் சுளிப்பதுண்டு. அந்தச் சுளிப்பை நான் ஏற்க மாட்டேன். சுமை என்பதே சுமக்கிறவருக்குத் தெரியும் பொருள். பொத்தான் அழுத்தப்படாத தருணமும் தகவல்தான். விளக்கைப் பார்க்கக்கூட நேரமில்லை என்று அது சொல்கிறது. உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. தன் திறமையை மதிப்பிடுகிறார்களோ என்ற அச்சம் உள்ளவர் நான்கை மூன்றாக அழுத்துவார். சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் மாதத்தில் மூன்று நான்காகலாம். ஆக, இந்த அளவு எவ்வளவு நம்பகமானது என்பதை அந்த மையத்தில் நிலவும் நம்பிக்கையே தீர்மானிக்கிறது.

இந்த மனிதத் தடுமாற்றத்தைத் தாண்ட உடலைக் கேட்போம் என்றவர்கள் இன்னொரு பக்கம். கண்சிமிட்டல், இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம், மூளை அலைகள். புரூக்கிங்ஸ், வில்சன், ஸ்வைன் மூவரும் 1996-இலேயே சிமுலேட்டரில் கட்டுப்பாட்டாளர்களின் மூளை அலைகளை அளந்தார்கள். ரோம் சபியென்சா பல்கலைக்கழகக் குழு அண்மை ஆண்டுகளில் இதை மேலும் நுட்பமாக்கி, சுமை கூடும்போது கணினி தானாக உதவிக்கு வரும்படி செய்துகாட்டியது. அறிவியலாக இது எனக்கு வியப்பும் மகிழ்ச்சியும் தருகிறது. கொள்திறன் எண்ணுக்கு அடிப்படையாக மட்டும் இதை ஏற்க மாட்டேன். மூளை அலை சொல்வது இந்த நொடியின் நிலையை. கொள்திறன், பல மணி நேரம் முன்னதாக, விமானங்கள் தரையில் இருக்கும்போதே தேவைப்படும் எண். காலம் பொருந்தவில்லை. மேலும் ஒருவர் பணியிடத்தில் தன் மூளை அலைகளை நாள்தோறும் முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றால், அந்த அச்சமும் அலையில் பதியும்.

எந்த அளவுகோலுக்கும் கடினமான சோதனை 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே நடந்தது. பஷ்கீரியன் ஏர்லைன்ஸின் துபலேவ் 154 விமானமும் டிஎச்எல் சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அந்த வான்வெளியை சூரிச்சிலிருந்து ஒரே ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். அவருடைய செக்டாரில் அப்போது இருந்த விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணிக்கை வரம்பு எதுவும் மீறப்படவில்லை. அமெரிக்கப் பின்னம் எச்சரித்திருக்காது. 42 நிமிடக் கணக்கும் நிம்மதியாகத் தூங்கச் சொல்லியிருக்கும்.

ஆனால் அவர் இரண்டு திரைகளையும் இரண்டு அலைவரிசைகளையும் ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சக ஊழியர் ஓய்வறையில் இருந்தார். இரவுப் பணியில் அது நிர்வாகம் அறிந்து அனுமதித்துவந்த வழக்கம். பராமரிப்பு வேலைக்காக ரேடார் அமைப்பு குறைந்த நிலையில் இயங்கியது. மோதல் வரப்போகிறது என்று திரையில் காட்டும் எச்சரிக்கை வேலை செய்யவில்லை. முதன்மைத் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது, மாற்று இணைப்பு பழுது. தாமதமாக வந்த ஓர் ஏர்பஸ்ஸை ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் இறக்க அவர் அந்தத் தொலைபேசியோடு போராடினார். ஆபத்தைத் தன் திரையில் கண்ட கார்ல்ஸ்ரூஹ் மையத்தின் கட்டுப்பாட்டாளர் சூரிச்சை அழைத்துப் பார்த்தார், இணைப்பு கிடைக்கவில்லை. துபலேவுக்கு இறங்கு என்ற கட்டளை போனபோது மோதலுக்கு 43 வினாடிதான் மீதி இருந்தது. விமானத்துக்குள் இருந்த தானியங்கி எச்சரிக்கைக் கருவியோ அதே விமானத்தை ஏறச் சொன்னது.

எல்லாத் தொலைபேசியும் வேலை செய்கிறது, இருக்கையில் இருவர் இருக்கிறார்கள், எச்சரிக்கை ஒலிக்கிறது என்று கொள்திறன் எண் வாய் திறக்காமல் எடுத்துக்கொள்கிறது. அந்த அறை மாறினால் எண்ணும் மாற வேண்டும். அன்று மாறவில்லை, ஏனென்றால் எண்ணோடு அறையை யாரும் எழுதிவைக்கவில்லை.

எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கனடாவில் 1980-களின் கட்டுப்பாட்டுப் பிழைகளை ஆராய்ந்த பால் ஸ்டேகரும் உடன் பணியாற்றியவர்களும், அவற்றில் பல மிதமான அல்லது குறைந்த போக்குவரத்தின்போதே நடந்தன என்று கண்டார்கள். இதை வைத்து, சுமை குறைவே ஆபத்து, ஆகவே வரம்பை உயர்த்தலாம் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் நிற்காது. ஒரு நாளில் நெரிசலான மணி நேரங்களைவிட மந்தமான மணி நேரங்களே அதிகம். பிழைகளின் மொத்த எண்ணிக்கை அங்கே கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு: வரம்புக்குக் கீழே இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது.

என் தீர்ப்பு இது. நேரக் கணக்கு இருக்கட்டும். இரண்டு செக்டார் வடிவங்களில் எது மேல் என்று ஒப்பிடவும், எல்லையை எங்கே போடலாம் என்று திட்டமிடவும் அதைவிட நல்ல கருவி இன்று இல்லை. அதற்குள் மோதல் வேலை வர்க்கமாக வளர்வதைச் சேர்த்தே ஆக வேண்டும். வெறும் எண்ணிக்கை வாய்ப்பாடு முதல் மதிப்பீட்டோடு ஓய்வு பெறலாம். மூளை அலை பயிற்சிக்கூடத்தில் இருக்கட்டும். ஆனால் 70 சதவீதத்தை மனத்தின் எல்லை என்று அழைப்பதை நிறுத்த வேண்டும். அறிவிக்கப்படும் ஒவ்வொரு கொள்திறன் எண்ணுக்குப் பக்கத்திலும், எத்தனை பேர் இருக்கையில், எந்தக் கருவிகள் இயங்கும் நிலையில் என்ற நிபந்தனை அச்சாக வேண்டும். ஒன்று தவறினாலும் பணிநேர மேற்பார்வையாளர் யாரையும் கேட்காமல் எண்ணைக் குறைக்கும் அதிகாரம் பெற வேண்டும்.

வரம்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, ஸ்பெராந்தியோ காட்டிய திருப்பத்தையே நான் அளவுகோலாக வைப்பேன். கட்டுப்பாட்டாளர் நேர்வழி கொடுப்பதை விட்டு எல்லோரையும் வரிசையில் விடத் தொடங்கும் நிமிடம் எது? அதை ஐந்து பொத்தான்களோடும், ரேடியோப் பதிவோடும், அவரோடு பேசியும் கண்டுபிடிக்கலாம். அவர் கையில் இன்னும் ஒரு மலிவான வழி மிச்சம் இருக்கிறது என்பதன் அடையாளம் அது. அந்த வழியும் தீர்வது இரண்டாவது திருப்பம்; அதன்பின் வரும் விமானத்துக்கு அவரிடம் கொடுக்க எதுவும் இல்லை. எண்ணை முதல் திருப்பத்துக்கு அருகே வைத்து, இரண்டாவதுவரை உள்ள தூரத்தைத் தொடாமல் விட்டுவிட்டால், தொலைபேசி செத்துப்போகும் இரவில் அவருக்கு அந்தத் தூரம் கிடைக்கும்.